நிறுவைக்கு வந்த கால்வலி

பெல்மொரி தோட்டத்துக்கு இதுவரை எத்தனையோ திட்டங்கள் வந்து போயிருக்கின்றன. கோழி வளர்ப்புத் திட்டத்தில் கூடு மட்டும் வந்தது, கோழி வரவில்லை. வாசிகசாலைத் திட்டத்தில் பூட்டு வந்தது, சாவி கொழும்பிலேயே நின்றுவிட்டது. அப்படிப்பட்ட தோட்டத்தில் பெண்களுக்கான ஒட்டுத் திட்டம் மட்டும் சொன்ன தேதியில், சொன்ன லொறியில், பெட்டி உடையாமல் வந்து இறங்கியது என்றால் அதைத் தோட்டத்தை ஆளும் பெரிய தொரையின் ராசி என்றுதான் சொல்லவேண்டும்.

ஒட்டு என்பது பார்வைக்குப் பெரிய சாமானில்லை. ஒரு பிஸ்கட் அளவு, சதுரம், மெல்லிசு. வெள்ளைக்காரர் தோலின் நிறத்தில் செய்திருந்தார்கள். அதனால் நம் பெண்களின் கையில் ஒட்டினால் ராகலை பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அதிலிருக்கும் ஹோர்மோன் மருந்து தோல் வழியாக இரத்தத்துக்குப் போய், பிள்ளை தரிக்காமல் பார்த்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒன்று, மூன்று வாரம் ஒட்டி, நாலாவது வாரம் கைக்கு ஓய்வு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கம்பனிக்கு இனாமாகக் கொடுத்தது. கம்பனி தோட்டத்துக்கு இனாமாகக் கொடுத்தது. தோட்டம் பெண்களுக்கு இனாமாகக் கொடுத்தது. இத்தனை கை மாறியும் இனாமாகவே வந்துசேர்ந்த ஒன்றை மலைநாடு அதற்கு முன் கண்டதில்லை.

முதலில் கையை நீட்டியவள் கிருஷாந்தி. கொழுந்து பறிக்கிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். மூன்றாவது வேண்டாம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊசி போட்டுப் பார்த்தாள், மாதம் முழுக்க உதிரம் நிற்காமல் படுத்தியது. மாத்திரை எடுத்தாள், விடியற்காலையில் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்க்கிற அவசரத்தில் பாதி நாள் மறந்துபோனது. புருஷன் விஜிதரன் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறவன். தங்கமான மனிதன்தான், குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். இந்த விஷயத்தில் மட்டும் "பாத்துக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். பார்த்துக்கொள்ள வேண்டியவள் யார் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே ஒட்டு வருகிறது என்றதும் கிருஷாந்திக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

திறப்பு விழா பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த மண்டபம் ஒன்றுதான் தோட்டத்தில் ஒழுகாத கூரை. நலன்புரி அதிகாரி சர்மிளா மேடம் ஹட்டனிலிருந்து பட்டுச்சேலையில் வந்திருந்தார்.

"அன்பான தாய்மார்களே, இந்த ஒட்டுல பக்கவிளைவுங்கிற பேச்சுக்கே இடமில்ல. பக்கவிளைவு இருந்தா அதப்பத்தி எங்களுக்கு மேலிடத்துலேருந்து அறிவிச்சிருப்பாங்க. அறிவிக்கல. ஆகவே இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். கிருஷாந்தியும் தட்டினாள். தட்டி முடித்து எழுந்து, "மேடம், எனக்கு அப்பப்ப ஒத்தத் தலைவலி வருங்க. வர்றதுக்கு முன்னால கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுற மாதிரி இருக்குங்க. அப்படி இருக்கிறவங்களுக்கு இது ஒத்துக்குங்களா?" என்று கேட்டாள்.

சர்மிளா மேடம் பக்கத்திலிருந்த டிஸ்பென்சரி ஐயாவைப் பார்த்தார். அழகுமுத்து என்று பெயர். தோட்டத்து மருந்துச்சாலையை இருபது வருஷமாக ஆள்கிறவர். காய்ச்சலுக்கும் கைமுறிவுக்கும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுத்து, இரண்டும் ஆறின என்று சொல்கிறவர். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி புள்ள. இப்ப தேத்தண்ணி குடுக்கப்போறாங்க" என்றார்.

தேத்தண்ணீர் வந்தது. கேள்வி ஆறிப்போனது.

அடுத்தது எங்கே ஒட்டுவது என்ற விவகாரம். பெட்டிக்குள் இருந்த தாளில் வயிற்றில் ஒட்டலாம், இடுப்புக்குக் கீழே ஒட்டலாம், கையில் ஒட்டலாம், ஆனால் உடுப்போ கயிறோ உரசாத இடமாக இருக்கட்டும் என்று போட்டிருந்தது. கிருஷாந்தியின் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் நாகலெட்சுமி, "கூடைக் கயிறு கையில உரசுமுங்க, நான் வயித்துல ஒட்டிக்கிறேன்" என்றாள். மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. வயிற்றில் ஒட்டினால் வெளிநாட்டுக்கு அனுப்பும் படத்தில் எப்படி எடுப்பது? ஆகவே எல்லாருக்கும் வலது புஜம் என்று முடிவானது. படம் அருமையாக வந்தது என்று கேள்வி.

பெல்மொரியில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. வியர்வையும் மழையும் கயிறும் சேர்ந்து ஒட்டுகளை உரிக்கத் தொடங்கின. காலையில் கையில் இருந்தது மாலையில் இருக்காது. எங்கே விழுந்தது என்று எவளுக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. ஒருநாள் ஸ்டோரில் கொழுந்தை வாட்டப் பரப்பியிருந்த இடத்தில், பச்சை இலைக்கு நடுவே, அந்த வெள்ளைக்காரத் தோல்நிறச் சதுரம் ஒன்று கிடந்தது. கண்டெடுத்தவன் விஜிதரன். வாயை மூடிக்கொண்டு காற்சட்டைப் பைக்குள் போட்டிருக்கலாம். நேர்மை பிடரியைப் பிடித்துத் தள்ள, நேரே ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அன்றைக்குத் தோட்டம் பட்ட பாட்டைப் பெல்மொரி மறக்காது. ஸ்டோரை மூடினார்கள். வாடிக்கொண்டிருந்த அவ்வளவு கொழுந்தையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். மெஷினைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கொழும்பிலிருந்து மூன்று பேர் முகமூடி கட்டிக்கொண்டு வந்து இலையைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போனார்கள். டிஸ்பென்சரி ஐயா தழுதழுத்த குரலில் பேசினார்.

"ஹோர்மோன்ங்கிறது சாதாரண விசயமில்ல. ஒரு துளி போதும். தேயிலை ரொம்ப மென்மையான பொருள், அது தாங்காது. நாளைக்குத் தேயிலைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் சிலருக்குத் தங்கள் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளத் தோன்றியது.

மறுநாளே சட்டம் வந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருத்தியும் ஒட்டைக் காட்டவேண்டும். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் காட்டவேண்டும். கையில் ஒட்டு இல்லையென்றால் அது கொழுந்துக்குள் இருக்கிறது என்று பொருள். அவள் பறித்த கொழுந்து சேராது, அன்றைய பேரும் விழாது. பேர் விழாவிட்டால் அந்த நாள் அவளுக்குச் சம்பளமில்லாத நாள். ஓய்வு வாரம் என்று ஒன்று இருந்ததே, அது கணக்கைக் குழப்புகிறது என்று நிறுத்தப்பட்டது. பிள்ளைப்பேற்றைத் தடுக்க வந்த ஒட்டு இப்படியாகத் தேயிலையைக் காக்கும் பணியில் சேர்ந்தது.

இதற்குள் கிருஷாந்திக்கு ஒட்டு ஒத்துக்கொள்ளவில்லை. எப்போதாவது வந்த ஒற்றைத் தலைவலி வாரம் தவறாமல் வந்தது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. மார்பு கனத்து வலித்தது. சொல்லப்போனால் அவள் பொறுமைக்காரி, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று பொறுத்துப் பார்த்தாள். சரியாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டை உரித்து அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தலைக்குக் குளித்தாள்.

திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை தனுஷன் அவள் வெறுங்கையைப் பார்த்துப் பேயறைந்த மாதிரி நின்றான்.

"ஒட்டு எங்க?"

"ஒத்துக்கலிங்க. கழட்டி அடுப்புல போட்டுட்டேன்."

"அடுப்புல போட்டதுக்குச் சாட்சி இருக்கா? கொழுந்துல போடலேன்னு நான் எப்படி நம்புறது?"

"நேத்து ஞாயித்துக்கிழமைங்க. நேத்து யாருங்க கொழுந்து எடுத்தா?"

இது நியாயமான கேள்வி என்பதால் தனுஷனுக்குக் கோபம் வந்தது. டிஸ்பென்சரி ஐயாவைக் கூப்பிட்டனுப்பினான். ஐயா வந்தார், புதிய ஒட்டின் உறையைக் கிழித்தார், வரிசைக்கு முன்னால் அவள் புஜத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஒத்துக்கொள்ளாதவர்கள் முறைப்படி கமிட்டிக்கு வரலாம் என்றார்.

கமிட்டி என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் கிருஷாந்திக்குத் தெரியும். பக்கவிளைவு நிறுவைக் கமிட்டி. தலைவர் சர்மிளா மேடம், மருத்துவ ஆலோசகர் டிஸ்பென்சரி ஐயா, நிறுவை நிபுணர் தனுஷன். ஒழுகாத கூரை ஒன்றுதான் என்பதால் கூட்டமும் பிள்ளைக்காம்பராவில்தான். அதுவும் குழந்தைகள் தூங்கும் நேரத்தில். மூன்று பேரும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்து, குசுகுசுவென்று பேசினார்கள். ஒருத்தியின் உடம்பைப் பற்றி இவ்வளவு இரகசியமாக விசாரித்த கமிட்டி வேறெங்கும் இருந்திருக்காது.

கிருஷாந்தி தன் நோவுகளைச் சொன்னாள். மேடம் எழுதப்போனார். தனுஷன் கையைத் தூக்கித் தடுத்தான்.

"மேடம், எதையும் வந்தபடியே ஏத்திக்கிற பழக்கம் தோட்டத்துல இல்லிங்க. கொழுந்து வந்தா ஈரத்துக்குக் கழிப்போம், சாக்குக்குக் கழிப்போம், முத்தல் இலைக்குக் கழிப்போம். பொம்பளைங்க வலியை மட்டும் கழிக்காம ஏத்தினா அது கொழுந்துக்குச் செய்யிற அநியாயமில்லையா?"

மேடத்துக்கு இந்த அறிவியல் மிகவும் பிடித்துப்போனது. தலைவலி பத்துக் கிலோ என்று வைத்துக்கொண்டார்கள்.

"வெயில்ல நிக்கிறியா?" என்று தனுஷன் தொடங்கினான்.

"நிக்கிறேங்க."

"வெயிலுக்கு மூணு. கூடைக் கயித்த தலையிலதானே மாட்டுற? கயித்துக்கு மூணு. வீட்டுல புள்ளைங்க சத்தம் போடுமா?"

"புள்ளைங்கன்னா போடாம இருக்குங்களா?"

"புள்ளைகளுக்கு ரெண்டு."

மிச்சம் இரண்டு கிலோ இருந்தது. கிருஷாந்திக்கு அந்த இரண்டு கிலோவாவது தன் பேரில் நிற்கட்டும் என்று ஆசை வந்துவிட்டது. டிஸ்பென்சரி ஐயா முன்னால் குனிந்து, "இந்த ஒத்தத் தலைவலி ஒட்டுக்கு முன்னாடியே வரும்னு நீயே சொன்னியே புள்ள? அப்ப இது பழைய வலி. பழசு திட்டத்துல சேராது" என்றார். அந்த இரண்டும் போயிற்று.

குமட்டலை, காலையில் தின்ற ரொட்டிக்குக் கழித்தார்கள். மார்பு வலி என்றதும் இரண்டு ஆண்களும் கூரையைப் பார்த்தார்கள். மேடம், "அது கலாசாரம் சம்பந்தப்பட்ட விசயம், இங்க நிறுக்க வேண்டாம்" என்று மெல்லச் சொன்னார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

வெளியே வந்த கிருஷாந்திக்குத் தலை வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வலிக்கிறதா என்று தனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மனுஷியை மடக்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த மாதம் இடது கால் வீங்கியது. கெண்டைச்சதை கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. ஊன்றினால் உயிர் போனது. நாகலெட்சுமி பார்த்துவிட்டு, "இது சாதா வீக்கமில்லடி, ஒட்டத் தூக்கிப் போடு" என்றாள். போட்டால் பெரட்டில் மறுபடி ஒட்டுவார்கள், போடாவிட்டால் கால் என்னாகும் என்று தெரியாது. நொண்டிக்கொண்டே பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள்.

"மலை செங்குத்து. அதுக்கு நாலு கழிங்க" என்று மேடமே இந்த முறை தொடங்கிவைத்தார். பழகிவிட்டது.

"அட்டைக் கடிக்கு ரெண்டு" என்றான் தனுஷன்.

"அட்டை ரெண்டு காலுலயுந்தாங்க கடிக்குது. இந்தக் காலு மட்டுந்தாங்க வீங்கியிருக்கு" என்றாள் கிருஷாந்தி. கண்ணில் தண்ணீர் முட்டியது.

டிஸ்பென்சரி ஐயா தன் தொடையில் தட்டினார். தட்டிய சத்தத்தில் ஒரு குழந்தை புரண்டு படுத்தது.

"அதேதான் நானும் சொல்றேன். மருந்து ரத்தத்துல போகுது. ரத்தம் ரெண்டு காலுக்கும் பொது. அப்ப ரெண்டுமில்ல வீங்கணும்? ஒண்ணு மட்டும் வீங்கியிருந்தா அது மருந்தோட குத்தம் இல்ல, காலோட குத்தம்."

"அப்ப நல்லா இருக்கிற காலுக்கும் கழிக்கலாமே?" என்று மேடம் கேட்டார்.

தனுஷன் கழித்தான். கழித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கணக்கு பூச்சியத்துக்குக் கீழ போகுதுங்க மேடம். இவதான் இப்ப திட்டத்துக்குச் சுகம் பாக்கி."

சர்மிளா மேடம் எழுந்து நின்றார். குட்டி நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது.

"இது நமக்குப் பெரிய வெற்றி. ஒட்டினால நோவு வரலங்கிறது மட்டுமில்ல, இருக்க வேண்டிய நோவே குறைஞ்சிருக்கு. கிருஷாந்தி, நீங்க இந்தத் தோட்டத்துக்கே ஒரு முன்மாதிரி."

குழந்தைகள் எழுந்துவிடக்கூடாது என்பதால் சத்தம் வராமல் கைதட்டினார்கள்.

முன்மாதிரியானவள் மூன்றாம் நாள் மலையில் மூச்சு வாங்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாகலெட்சுமி தன் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவளைத் தோளில் சாய்த்து ரோட்டுக்கு இறக்கி, பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே பிரியந்தி என்ற இளம் டாக்டர். சிங்களப் பெண், தமிழைத் தடவித் தடவிப் பேசினார். காலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு விரலால் ஒட்டைப் பிடித்து உரித்தார். அவ்வளவுதான் வேலை. கமிட்டி இல்லை, கழிவு இல்லை. கிருஷாந்தி அப்போதுதான் விம்மி அழுதாள்.

ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். "காலுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. அது நெஞ்சுக்கு ஏறினா உயிருக்கு ஆபத்து. நல்ல காலம் வந்தீங்க. இந்த மருந்து கெட்ட மருந்து இல்ல, நிறையப் பேருக்கு நல்லா ஒத்துக்கும், இப்படி ஆகிறது ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இல்ல. ஆனா கண்ணுல மின்னல் வெட்டித் தலைவலி வர்ற ஆளுக்கு இத ஒட்டவே கூடாது. முதல்ல அதத்தான் கேக்கணும். யாரும் கேக்கலயா?"

"நாந்தாங்க கேட்டேன்" என்றாள் கிருஷாந்தி.

இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். இனி எந்த ஹோர்மோனும் உடம்பில் படக்கூடாது, கால் தேறியதும் வந்தால் கருப்பைக்குள் வைக்கிற ஹோர்மோன் இல்லாத லூப் போட்டுவிடுகிறேன், அதுவரைக்கும் கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

கொஞ்சம் நடக்க முடிந்ததும் பெரட்டுக்குப் போனாள். வேலை செய்யாமல் எத்தனை நாள் இருப்பது? தனுஷன் வெறுங்கையைப் பார்த்தான்.

"டாக்டரம்மா கழட்டிட்டாங்க. இனி ஒட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"கழட்டி எங்க போட்டாங்க?"

"ஆஸ்பத்திரிக் குப்பையிலங்க."

"ஆஸ்பத்திரிக் குப்பை அவங்க பொறுப்பு. எங்க கொழுந்து எங்க பொறுப்பு. ஒட்டு இல்லாத கைய மலைக்கு விட முடியாது." டிஸ்பென்சரி ஐயா உறையோடு தயாராக நின்றார். ஆஸ்பத்திரி சொன்னதைக் கமிட்டி மதிக்கிறது என்றும், அடுத்த கூட்டத்தில் அதையும் நிறுத்துப் பார்க்கும் என்றும், அதுவரைக்கும் ஒட்டிக்கொள்வதில் தவறில்லை என்றும் விளக்கினார்.

கிருஷாந்தி கையைச் சேலைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டாள். "கைய வெட்டிக்கிட்டுப் போங்க, ஒட்ட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை.

வேலை போயிற்று. காம்பராவுக்குள் அடைந்து கிடந்தாள். ஒரு வாசல், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிரே அவள் பறிக்காத கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. ஒட்டினால் உயிர் போகும், ஒட்டாவிட்டால் பேர் விழாது. இதில் பிள்ளை ஒன்றும் தரித்துவிட்டால் அவ்வளவுதான். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே விஜிதரனிடம் பாயைச் சுருட்டிக் கொடுத்திருந்தாள்.

"என்னாங்க, இனி நீங்க அடுப்படியில படுங்க. காலு சரியாகி லூப் போடுற வரைக்கும்."

"பாத்துக்கலாம்" என்று வழக்கம்போலத் தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பாயை வாங்கிக்கொண்டு போனான். அடுப்படியில் காலை நீட்டினால் விறகு இடிக்கும், மடக்கினால் பூனை மிதிக்கும். புகை படிந்த கூரையிலிருந்து கரி உதிரும். சில நாளில் ஆளின் கண் சிவந்து, முகம் கறுத்துப்போனது. ஸ்டோரில் நின்றபடி தூங்கினான். ஆனால் மனதுக்குள் அவனுக்கு வேறொரு உறுத்தல். அந்தச் சனியனைக் கொழுந்திலிருந்து பொறுக்கிக் கொடுத்தவன் தான்தானே? கடைசியில் வேட்டி கட்டிக்கொண்டு, மனைவியின் காலுக்காகப் பேசக் கமிட்டி முன்னால் போய் நின்றான்.

"காலு ஏற்கனவே நிறுத்தாச்சு. திரும்ப நிறுக்கிற வழக்கமில்ல" என்றார் டிஸ்பென்சரி ஐயா. போகலாம் என்று கையைக் காட்டப்போனவர், அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். "ஆமா, ஒனக்கு என்னடா? கண்ணெல்லாம் இப்படிச் செவந்து கிடக்கு?"

"தூக்கமில்லிங்கய்யா. அடுப்படியில படுக்கிறேன்."

"ஏன்?"

விஜிதரன் தரையைப் பார்த்துக்கொண்டு காரணத்தைச் சொன்னான்.

மூவரும் பேனாவை வைத்துவிட்டார்கள். சர்மிளா மேடம் கைக்குட்டையைத் தேடினார். டிஸ்பென்சரி ஐயா குட்டி நாற்காலியை விட்டெழுந்து வந்து விஜிதரனின் நாடி பிடித்துப் பார்த்தார். இமையைக் கீழே இழுத்துக் கண்ணைப் பார்த்தார். அந்த அறையில் ஒருவரைத் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"புகைக்கு ஒரு ரெண்டு கிலோ கழிக்கட்டுங்களா?" என்று தனுஷன் பழக்கத்தில் கேட்டான்.

"ஒனக்கு மனசாட்சி இருக்காடா? ஒரு ஆம்பள இம்புட்டு வேதனைப்படுறான், அதுல போயி கழிக்கிறேங்கிற" என்று ஐயா சீறினார். குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. யாரும் பொருட்படுத்தவில்லை.

பெல்மொரியின் முதலாவது பக்கவிளைவு அன்று முழு எடைக்கும் பதியப்பட்டது. மேடம் தீர்ப்பைச் சொன்னார். "ஒட்டு இருந்தவரைக்கும் இவர் காம்பராவுல படுத்தாரு. ஒட்டு போனதும் அடுப்படிக்குப் போனாரு. ஆகவே இந்தப் பக்கவிளைவுக்குக் காரணம் ஒட்டு இல்லாமை. இதுக்கு ஒரே மருந்து, உடனடியா ஒட்டுறது. மனிதாபிமான அடிப்படையில கமிட்டியே வீட்டுக்குப் போகும்."

விஜிதரன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவனுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலையில் கமிட்டி, காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு வந்தது. முன்னால் மேடம், பின்னால் தட்டில் ஒட்டோடு டிஸ்பென்சரி ஐயா, அதற்கும் பின்னால் விஜிதரனுக்குப் புதுப்பாயும் தலையணையும் சுமந்துகொண்டு தனுஷன். பெண் கேட்டு வருகிறார்களோ என்று பார்க்க லயமே வாசலில் கூடிவிட்டது. கையில் ஒட்டோடு பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். காம்பராவுக்கு ஒரே வாசல்தான். அந்த வாசலை அடைத்துக்கொண்டு கமிட்டி நின்றது. உள்ளே சுவரோடு சாய்ந்து கிருஷாந்தி நின்றாள், பக்கத்தில் விஜிதரன். ஓடவும் காலில்லை, ஓட இடமுமில்லை.

"ஒன் புருசனுக்காகத்தாம்மா" என்று ஐயா உறையைக் கிழித்தார். "அவன் படுற பாட்டப் பாரு. கைய நீட்டு."

கிருஷாந்தி விஜிதரனைப் பார்த்தாள். கமிட்டியைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் தலைக்கேறி, அப்படியே குளிர்ந்து நின்றது.

"அய்யா, நோவு யாருக்குன்னு பதிஞ்சிருக்கீங்க?"

"விஜிதரனுக்கு."

"எனக்கு?"

"ஒனக்கு ஒண்ணுமில்ல. அதான் நிறுத்தாச்சே."

"நோவு இல்லாதவளுக்கு எதுக்குங்க மருந்து? இருக்கிறவருக்கே ஒட்டுங்க."

  விஜிதரன் சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டி, மனைவிக்கு முன்னால் நீட்டினான். கிருஷாந்தி தட்டிலிருந்து ஒட்டை எடுத்தாள், அவன் புஜத்தில் வைத்தாள், உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"ஐயையோ! எடு, எடு!" டிஸ்பென்சரி ஐயா தட்டைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தார். "ஆம்பள ஒடம்புடி அது! ஒனக்கு வெளயாட்டா? தலைவலி வரும், வாந்தி வரும், மாரு வீங்கி வலிக்கும். பிரசர் ஏறும். காலுல ரத்தம் கட்டும், ஒரு காலுதான் வீங்கும், அதுதான் அடையாளம். கட்டி நெஞ்சுக்கு ஏறுனா மூச்சு நின்னுரும், பக்கவாதம் வரும், ஆளே போயிருவான்! எடுன்னு சொல்றேன்ல!"

விஜிதரன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டான். ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. 

கூட்டத்திலிருந்து நாகலெட்சுமி மெதுவாகக் கேட்டாள். "அய்யா, இம்புட்டும் ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"எப்ப தெரியுமாவா? நான் என்ன படிக்காதவனா? பெட்டி வந்து எறங்குன அன்னைக்கே தாள முழுசா வாசிச்சிட்டேன்" என்றார் ஐயா, கொஞ்சம் பெருமையாகவே.

சர்மிளா மேடம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்துப் பயனில்லை. நாகலெட்சுமி தன் கையில் இருந்ததை நகத்தால் நெம்பினாள். நன்றாக ஒட்டியிருந்ததால் தோலோடு வந்தது. அதை ஐயாவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தாள். அடுத்தவளும் முன்னால் வந்தாள். பின்னால் நின்றவர்கள் வரிசையாகச் சேலையை விலக்கிக்கொண்டு நகர்ந்து வந்தார்கள். கிருஷாந்தி அதற்கு மேல் நிற்க முடியாமல், தனுஷன் கொண்டுவந்த புதுப்பாயை வாங்கி வாசலில் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.